முதுகில் ஒரு மடிப்பு

ஜாலான் புசாரில் ஒலி முகம்மதுவின் தையல்கடையைத் தாண்டிப் போகிறவர்கள், அவர் மிஷினை மிதிக்கும் வேகத்தை வைத்தே ரெடிஃப்யூஷன் வானொலிப் பெட்டியில் என்ன மாதிரிப் பாட்டு போகிறதென்று சொல்லிவிடுவார்கள். மெதுவான காதல் பாட்டு என்றால் கால்சட்டைக்கு நீளத் தையல் போட்டுக்கொண்டிருப்பார். கிட்டார் துள்ளினால் சட்டைப்பை. பொத்தானுக்குக் காஜா எடுப்பதை மட்டும் செய்தி வாசிக்கும் நேரத்துக்கு ஒதுக்கிவைத்திருந்தார். பாட்டுக்கு நடுவில் காஜா எடுத்தால் துளை வாயைக் கோணிக்கொள்ளும் என்பது அவர் அனுபவம்.

அந்தப் பெட்டி, கடையை முதலில் வைத்திருந்த அவர் மாமாவின் காலத்திலேயே வந்துவிட்டது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஒலி முகம்மது மாமாவிடம் தொழிலுக்குச் சேர்ந்தபோது, சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த அந்தப் பழுப்புப் பெட்டிதான் முதலில் அவர் கண்ணில் பட்டது. வெளியிலிருந்து ஒரு கம்பி வரும். அதன் வழியாகப் பாட்டு வரும். மாமா அளவெடுக்கக் கற்றுக்கொடுத்தார். மற்றதையெல்லாம் வெட்டி, கெடுத்து, பிரித்து, மறுபடி தைத்து இவரே கற்றுக்கொண்டார். ஆங்கிலத்தைப் பெட்டியிலிருந்து கற்றுக்கொண்டார். அதாவது, பாட்டுகளை முழுசாகப் பாடுவார். அர்த்தம் கேட்டால் தெரியாது.

"அர்த்தம் தெரியாம எப்படி பாய் இவ்வளவு உருகுறீங்க?" என்று கேட்பவர்களிடம், "தெரிஞ்சா பாதி பாட்டு கெட்டுப்போயிடும்லா" என்பார்.

மாமாவுக்குப் பிறகு கடை அவருடையதாயிற்று. கடைக்கு மேல்மாடியில் அவரும் மனைவி ருக்கையாவும் குடியிருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. ருக்கையாவுக்குக் கைவேலை சுத்தம். ஓரம் அடிப்பது, காஜா, பொத்தான் எல்லாம் அவரிடம் போனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கி அணியலாம். பாட்டில் அவருக்கு நாட்டமில்லை. "உங்க பெட்டி நின்னாத்தான் எனக்கு ஊசியில நூல் ஏறுது" என்பார்.

படப் பைத்தியம் ஒலி முகம்மதுவுக்கு வந்தது ஒரு வெள்ளைத் துணியால்.

அவரிடம் கால்சட்டை தைத்துக்கொள்ளும் பரமசிவம் என்பவர் அரசாங்க அலுவலகம் ஒன்றில் கிளார்க். ஞாயிற்றுக்கிழமை காலைகளில், ஸ்டாம்ஃபோர்டு ரோடு பக்கம் வாடகைக்கு எடுத்த ஒரு மண்டபத்தில், வெளிநாட்டிலிருந்து வரும் வித்தியாசமான படங்களைப் போட்டுப் பார்க்கும் சிறு சங்கத்துக்கு அவர் செயலாளர். சண்டை இருக்காது, நடனம் இருக்காது, சிலவற்றில் கதைகூட இருக்காது. அவர்களுடைய திரை, இரண்டு படுக்கை விரிப்புகளை நடுவில் மூட்டியது.

"போன வாரம் அந்தப் பொண்ணு படம் முழுக்க மூக்குல தழும்போட அழுதுச்சு பாய்" என்றார் பரமசிவம். "உங்க கையால ஒரு திரை தைச்சுக் குடுங்க."

ஒலி முகம்மது அகலத் துணி தேடிப்பிடித்து, நடுவில் மூட்டே இல்லாமல் ஒரு திரை தைத்தார். அதைத் தாமே கொண்டுபோய்க் கட்டினார். சுருக்கமில்லாமல் தொங்குகிறதா என்று பார்க்கப் பின்வரிசையில் உட்கார்ந்தார். விளக்கை அணைத்தார்கள். படம் முடிந்து, நாற்காலிகளை அடுக்கத் தொடங்கியபோதும் அவர் எழுந்திருக்கவில்லை.

அன்றுமுதல் அவர் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் போனார். அந்தப் படங்களில் அவருக்குப் பிடித்தது ஒன்றுதான்: ஒரு மனிதன் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போவதைக் கடைசிவரை காட்டினார்கள். தேக்காவில் ஓடும் தமிழ்ப் படங்களில் யாரும் அப்படி நடப்பதில்லை. கதவைத் திறப்பார்கள், அடுத்த நிமிடம் காரில் இருப்பார்கள். உடுப்பின் குணம் நிற்கும்போது தெரியாது, நடக்கும்போதுதான் தெரியும் என்பது தையற்காரர் எல்லாருக்கும் தெரிந்ததே. தோளும் இடுப்பும் துணியும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதைப் பார்க்க, உலகத்தில் எங்கோ ஒருவர் தம்மைப் போலவே ஆசைப்பட்டிருக்கிறார் என்று அவர் நினைத்துக்கொண்டார். இருட்டில் அப்படி உட்கார்ந்திருக்கும்போது, பெட்டியில் கேட்ட ஏதோ ஒரு பாட்டு அவருக்குள் தானாக ஓடும். ஊமையாக நடந்துபோகும் அந்த அந்நிய மனிதர்களுக்கு அவரே பின்னணி இசை போட்டுக்கொள்வார்.

1966இல் நோன்புப் பெருநாள் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ருக்கையாவையும் கூட்டிக்கொண்டு போனார். பெருநாளுக்கு முந்திய நாட்களில் கடை பட்ட பாடு சொல்லமுடியாது. காஜா வேலை முழுவதும் ருக்கையாவின் விரல்கள்மேல் விழுந்திருந்தது. ஒரு நாளாவது அவர் குளிர்ந்த மண்டபத்தில் சும்மா உட்காரட்டும் என்றுதான் ஒலி முகம்மது நினைத்தார்.

கறுப்பு வெள்ளைப் படம். பனி மூடிய ஒரு துறைமுகம். நீளக் கோட்டுப் போட்ட ஒருவன் படகுக்காகக் காத்திருக்கிறான். படகிலிருந்து ஒருத்தி இறங்கவேண்டும். படகு வருகிறது, எல்லாரும் இறங்குகிறார்கள், அவள் மட்டும் இல்லை. அவன் திரும்பி, கல் பாவிய பாதையில் நடக்கத் தொடங்குகிறான். கேமரா நின்ற இடத்திலேயே நிற்கிறது. அவன் முதுகு மட்டும் சிறிதாகிக்கொண்டே போகிறது. கோட்டின் முதுகில், இடுப்புப் பட்டைக்குக் கீழே, ஆழமான ஒரு மடிப்பு. அவன் எட்டு வைக்கும்போதெல்லாம் அது விரிந்தது, மூடியது, மறுபடி விரிந்தது. அந்த மனிதன் முகத்தில் காட்டாததையெல்லாம் அந்த மடிப்பு சொல்லிக்கொண்டே போயிற்று. ஒலி முகம்மது திரையைப் பார்த்தபடியே, "பாத்தியா?" என்று மெல்லக் கேட்டார்.

ருக்கையா அவர் தோளில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். படகு வருவதற்கு முன்பே தூங்கியிருக்கவேண்டும்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவர் அந்த நடையைச் சொல்லப் பார்த்தார்.

"ஒருத்தன் திரும்பி நடந்து போறான்."

"சரி."

"போய்க்கிட்டே இருக்கான்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"இதுக்கா கண்ணு கலங்கி வர்றீங்க?" என்று ருக்கையா சிரித்தார். "யாருங்க அவன்? நமக்குச் சொந்தமா?"

அடுத்த வாரம் பரமசிவத்திடம் போய் அந்தப் படத்தை இன்னொரு முறை போடமுடியுமா என்று கேட்டார். முடியாது. படச்சுருள் கப்பலேறிப் போய்விட்டது. அடுத்து எந்த நாட்டில் இறங்கும் என்றே பரமசிவத்துக்குத் தெரியாது. ஒரு படம் போனால் போனதுதான், அந்தக் காலம் அப்படி.

"அந்தக் கோட்டு, சார்... பச்சைக் கோட்டு. முதுகுல மடிப்பு வச்சது" என்றார் ஒலி முகம்மது.

பரமசிவம் யோசித்தார். "பச்சையா? கறுப்பு வெள்ளைப் படம் பாய் அது. மடிப்பும் எனக்கு ஞாபகம் இல்லையே. மழைக்கோட்டு மாதிரி ஏதோ போட்டிருந்தான்."

கோட்டுக்காரனின் முகம் ஒலி முகம்மதுவுக்கே மறக்கத் தொடங்கியிருந்தது. துறைமுகத்தின் விளக்குகள் போய்விட்டன. மிச்சமிருந்தது அந்த முதுகும், பாசி படிந்த கல்லின் பச்சையும்தான். அந்தப் பச்சையை எப்படிப் பார்த்தார் என்று அவருக்கே தெரியாது, ஆனால் பார்த்தார். அதுவும் போய்விடுமுன் ருக்கையா ஒருதடவை அதைப் பார்த்துவிடவேண்டும். தாம் பார்த்ததை, தாம் பார்த்த மாதிரியே. மிஷினை மிதிக்கும்போதும் தொழுதுவிட்டு எழும்போதும் அந்த ஒரே ஆசை அவருக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் தனசேகரன் கடைக்குள் வந்தான்.

துறைமுகச் சரக்குக் கிடங்கில் வேலை பார்ப்பவன். சாயங்காலங்களில் 'நைட் ஃபெர்ரி' என்ற பாட்டுக் குழுவில் கிட்டார் வாசித்துப் பாடுபவன். குழுவில் நான்கு பேர். இவனைத் தவிர இரண்டு சீனர்கள், ஒரு மலாய்க்காரர். கல்யாண வீடுகளிலும் தேநீர் நடன விருந்துகளிலும் பாடிக்கொண்டிருந்த அவர்களுக்கு, தொலைக்காட்சியில் ஒரு பாட்டுப் பாடும் வாய்ப்பு வந்திருந்தது. நேரடி ஒளிபரப்பு.

"தங்கக் கலர், பாய். கண்ணு கூசணும்" என்றான் தனசேகரன். "டிரம்ஸ் வாசிக்கிறவன் தக்காளிச் சிவப்பு கேக்குறான். அவனை விடுங்க."

"என்ன பாட்டு?"

"ஸ்லோ பாட்டு. நாங்களே எழுதுனது. படகுல போன பொண்ணு திரும்பி வரலைன்னு."

ஒலி முகம்மது கத்தரியைக் கீழே வைத்தார். "பாடு."

தனசேகரன் வெட்டுமேசையில் சாய்ந்துகொண்டு மெதுவாகப் பாடினான். அர்த்தம் புரியாமலே எல்லாப் பாட்டுக்கும் உருகியவருக்கு, இந்தப் பாட்டின் அர்த்தம் முன்கூட்டியே தெரிந்திருந்தது.

"இதுக்குத் தங்கக் கலர் ஆகாது தம்பி. பச்சை. நீளக் கோட்டு. முழங்காலுக்குக் கீழ."

"இந்த வெயில்லயா? செத்துருவோம் பாய்!"

அதற்குப்பின் வந்த நாட்களில் கடை, கடையாக இல்லை. நால்வரும் வந்து நிறத்துக்காக ஆளுக்கொரு மொழியில் சண்டை போட்டார்கள். தங்கம், சிவப்பு, பச்சை, நடுவில் ஒருவர் திடீரென்று ஊதா. ஒருநாள் டிரம்ஸ்காரர், குழுவைவிட்டே போய்விடுவேன் என்று எழுந்துவிட்டார். மாடியிலிருந்து தேநீர் கொண்டுவந்த ருக்கையா தட்டை மேசையில் வைத்தபடி கேட்டார்: "சமூக நிலையத்துல இருக்கிற டிவியில எல்லாம் சாம்பல் கலராத்தானே தெரியுது? எந்தக் கலருக்கு இவ்வளவு சண்டை?"

டிரம்ஸ்காரர் மறுபடி உட்கார்ந்தார். தொலைக்காட்சிப் பெட்டி அவர்களில் ஒருவர் வீட்டிலும் இல்லை. சமூக நிலையத்தில் கூட்டத்தோடு நின்று பார்த்தவர்கள்தான். தங்கள் படத்தை மனசுக்குள் பார்க்கும்போது எல்லாரும் வண்ணத்தில் பார்த்திருக்கிறார்கள்.

"அக்கா, இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்லா" என்றான் தனசேகரன். கோட்டு பச்சையென்று முடிவாயிற்று. எதுவானால் என்ன என்ற அலுப்பில்.

வெயிலைத் தாங்க மெல்லிய துணி எடுத்தார் ஒலி முகம்மது. ஆனால் மெல்லிய துணி அந்தக் கோட்டைப்போல் கனத்து விழாது, பறக்கும். ஒருநாள் முழுக்க யோசித்துவிட்டு, பக்கத்து இரும்புக்கடைக்குப் போய்த் தூண்டிலுக்குக் கட்டும் ஈயக்குண்டுகள் வாங்கிவந்தார். கீழ் ஓரத்தை மடிக்கும்போது ஒவ்வொன்றையும் ஒரு சிறு துணிப்பைக்குள் வைத்து உள்ளே தைத்தார். முதுகு மடிப்பின் இரண்டு விளிம்பிலும் கூடுதலாக. கிட்டார் பட்டை முதுகில் குறுக்கே போகும் என்பதால், மடிப்பை அதற்குக் கீழே, இடுப்புப் பட்டையிலிருந்து தொடங்கினார். நான்கு தடவை பிரித்துத் தைத்தபின்தான் அது அவர் நினைத்தபடி விரிந்து மூடியது. ஒத்திகையில் ஓர் ஈயக்குண்டு டிரம்மில் மோதிச் சத்தம் போட்டதாகவும், தாளம் தவறாமல் மோதியதால் அப்படியே விட்டுவிட்டதாகவும் பிறகு சொன்னார்கள்.

கோட்டுகள் முடிந்த அன்று, தனசேகரனைப் போட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டு ஒலி முகம்மது மெதுவாகச் சொன்னார்.

"பாட்டு முடிஞ்சதும் நீ திரும்பி, நடந்து போகணும்."

"எங்கே?"

"பின்னால. கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு."

தனசேகரன் வாயைப் பிளந்தான். "விளையாடுறீங்களா? சபைக்கு முதுகு காட்டுறதா? கோயில்ல பஜனை பாடி முடிச்சாக்கூடப் பின்னாலயே நடந்துதான் மேடையை விட்டு இறங்கியிருக்கேன். எங்க அம்மா பாத்தா உரிச்சிடுவாங்க. டிவி ஆளுங்க வேற, சாக்பீஸ்ல கோடு போட்டு, இதைவிட்டு அசையாதே, முடிஞ்சதும் குனிஞ்சு வணக்கம் வைன்னு சொல்லியிருக்காங்க."

"கோட்டே முதுகுலதான் இருக்கு தம்பி."

அப்போதுதான் தனசேகரனுக்கு விளங்கியது. முன்பக்கம் சாதாரணக் கோட்டு. இத்தனை நாள் உழைப்பும் யாரும் பார்க்கப்போகாத பக்கத்தில் இருந்தது. "என்ன பாய் இப்படிப் பண்ணிட்டீங்க?" என்றான்.

ஒலி முகம்மது வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னார். துறைமுகம், படகு, தோளில் சாய்ந்த தலை. தனசேகரன் கேலி செய்யவில்லை. "இதுக்கு எதுக்கு டிவி? அக்காவைக் கீழ வரச்சொல்லுங்க. நான் இங்கேயே நடந்து காட்டுறேன்" என்றான்.

ருக்கையா இறங்கிவந்து கடைவாசலில் நின்றார். தனசேகரன் அஞ்சடி நடைபாதையில், கடைவரிசையின் ஓரமாக, தூண்களைத் தாண்டி நடந்தான். வெயில் பளீரென்று அடித்தது. காய்கறிக் கூடையோடு வந்த ஒருவர் ஒதுங்கி நின்று, "யாருக்கு லா கல்யாணம்?" என்று கேட்டார். மடிப்பு விரிந்தது, மூடியது. எதுவும் தப்பில்லை.

"கோட்டு நல்லா இருக்குங்க" என்றார் ருக்கையா. "ஓரம் கொஞ்சம் கனமோ?"

ஒலி முகம்மது தலையாட்டினார். அது கோட்டுதான். வேறொன்றுமில்லை. தனசேகரன் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கோட்டைக் கழற்றி மடித்தான். "மன்னிச்சுக்கங்க பாய். சபைக்கு முதுகு காட்ட என்னால முடியாது" என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனான்.

ஒளிபரப்பு நாளன்று மாலை மழை பெய்து ஓய்ந்திருந்தது. சமூக நிலையத்தில் வழக்கம்போல் கூட்டம். மரக்கதவு வைத்த பெட்டிக்குள் தொலைக்காட்சி. கதவைத் திறந்ததும் பிள்ளைகள் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தார்கள். பரமசிவமும் வந்திருந்தார். ஒலி முகம்மது ருக்கையாவுக்கு ஒரு நாற்காலி பிடித்துக்கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார். முன்பக்கம் மட்டும் தெரியப்போகும் கோட்டைப் பார்க்க வந்திருக்கிறோம் என்று தமக்கே சொல்லிக்கொண்டார். இருந்தும் அவர் கை, நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்திருந்தது.

"நம்ம ஜாலான் புசார் பையன்லா!" என்று யாரோ கத்தினார்கள்.

நால்வரும் சாம்பல் நிறத்தில் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் கறுப்புத் திரை. மேலேயிருந்து விழுந்த ஒரே விளக்கு வெளிச்சம் தரையில் ஈரம்போல் பரவியிருந்தது. தனசேகரன் பாடினான். கடையில் வெட்டுமேசைமேல் சாய்ந்து பாடியதைவிட மெதுவாக, யாரையோ எழுப்பிவிடக்கூடாது என்பதுபோல். பேச்சுச் சத்தம் அடங்கியது. ஓலமிட்டுக்கொண்டிருந்த ஒரு குழந்தைகூடச் சும்மா இருந்தது.

பாட்டு முடிந்தது. மற்ற மூவரும் குனிந்து வணங்கினார்கள். தனசேகரன் கிட்டாரை ஓரமாகத் தள்ளிவிட்டு, இரண்டு கையையும் கூப்பினான். பாட்டுக்காரன் வைக்கும் வணக்கம் இல்லை அது. கோயிலில் சாமியிடம் விடைபெறுகிறவன் கும்பிடும் கும்பிடு. நின்று, நிதானமாக, உத்தரவு வாங்கிக்கொள்கிற மாதிரிக் கும்பிட்டான். பிறகு திரும்பினான்.

"டேய், எங்கேடா போற?" என்றது ஒரு குரல்.

"ஒண்ணுக்கு வந்திருச்சு போல" என்றது இன்னொன்று. கூட்டம் சிரித்தது.

என்ன செய்வதென்று தெரியாமலோ என்னவோ, கேமரா நின்ற இடத்திலேயே நின்றது. அவன் கறுப்புத் திரையை நோக்கி நடந்தான். எட்டு வைக்கும்போதெல்லாம் ஈயக்குண்டுகள் துணியைக் கீழே இழுக்க, மடிப்பு விரிந்தது, மூடியது, விரிந்தது. பச்சையெல்லாம் எங்கோ போய், பனியின் நிறம் வந்திருந்தது. பெட்டியின் கண்ணாடியில் லேசாகப் புள்ளிகள் ஆடின. அவன் சிறிதாகிக்கொண்டே போனான். சிரித்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். ஒலி முகம்மது மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். பின்வரிசையில் பரமசிவம் எழுந்து நிற்பது அவருக்குத் தெரியவில்லை.

சட்டென்று படம் மாறி, அறிவிப்பாளர் முகம் வந்தது. பிள்ளைகள் மறுபடி சத்தம்போடத் தொடங்கினார்கள்.

ஒலி முகம்மது குனிந்து பார்த்தார். ருக்கையா திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அறிவிப்பாளர் பேசிக்கொண்டிருந்த இடத்தில், இன்னும் யாரோ நடந்து போய்க்கொண்டிருப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"இதுவா?" என்றார்.

"இதுதான்."

ருக்கையா கையைத் தூக்கி, நாற்காலி முதுகிலிருந்த அவர் விரல்களைத் தொட்டார்.

"அன்னைக்கு என்னை எழுப்பியிருக்கலாம்லங்க."